நூர்ஜஹானும் நாகூரின் நாவலும்

மன்னார்குடிக்கு அடுத்த வடுவூரின் பெயரோடு வழங்கும் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வை எங்கள் நன்னி நெற்குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்துப் படித்தார்கள். 1935இல் திரைப்படமாகவும் வந்த கதை அது. மேனகாவை விலைக்கு வாங்கும் நயினா முகம்மது நம்மவன். அவளைக் காத்தனுப்பும் அவன் மனைவி நூர்ஜஹானும் நம்மவளே. நன்னி தம்மை நூர்ஜஹானிடமே கண்டிருப்பார்கள். ஆயினும் கதை அவளுடையதன்று. கணவனின் இழிசெயலுக்கு ஈடாக நல்லவளாயிருப்பதே அவளுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. பிறர் வரைந்த நல்ல சித்திரத்தை ஏற்பது வேறு, தன்னை ஏற்பது வேறு.

1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றவர், உ.வே. சாமிநாதையரின் பாராட்டுரை பெற்றார். தலைப்பிலேயே வினா எழுப்பிய துணிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

காதல் கதை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் உலமாக்களின் கவலை பொருளற்றதன்று. நாயகியின் சிவந்த நிறத்தையே தகுதியாக்கும் மாத நாவல்கள் வாசகியைத் தன்மீதே வெறுப்புக் கொள்ளச் செய்கின்றன. ஆனால் அழகிய வரலாறு என்று திருமறை சிறப்பிக்கும் யூசுஃப் (அலை) அவர்களின் சரிதையில், அஜீஸின் மனைவி தன் வேட்கையையும் பிழையையும் தன் வாயாலேயே ஒப்புகிறாள். அவள் சார்பில் வேறெவரும் பேசவில்லை. இதை வகுப்பில் ஓதிக் கொடுக்க நாம் கூசியதில்லை.

நன்னியின் குதிருக்குப் பின்னால் ‘மேனகா’ கிடைத்தது. நாகூர் நூல் அங்கே இல்லை.