எட்டப்பனும் புளியந்தோப்பும்: வானொலி வாழ்க்கை வரலாற்று நாடகத்தில் எதிரியின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்று நாயகர்களின் வாழ்வைச் சொல்லும் வானொலி நாடகம், மோதலை இரண்டு வகையில் மட்டுமே அமைக்கப் பழகியது: ஒன்று அயல் ஆட்சியாளனோடு மோதல், மற்றொன்று உள்ளிருக்கும் துரோகியோடு மோதல். வடசென்னைத் தொழிலாளர் வரலாறு இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஒலிச்சித்திரத்தையும் 1921ஆம் ஆண்டின் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தையும் எதிரெதிரே வைத்து, இவ்வடிவத்தின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானொலி நாடகம், ஒலிச்சித்திரம், வாழ்க்கை வரலாறு, பின்னி ஆலை, திரு.வி.க., சிங்காரவேலர்

முன்னுரை

சென்னையின் ஒலிபரப்பு வரலாறு 1924இல் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியின் முயற்சியால் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகத்தோடு தொடங்குகிறது. பணமுடையால் அக்கழகம் 1927இல் நின்றுபோயிற்று. அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே நிலையம் நடத்தியது. 1938 ஜூன் 16இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது நகராட்சி ஒலிபரப்பின் காலம் முடிந்தது. எட்டாண்டுகளே நீடித்த அந்த இடைக்காலம் வானொலி ஆய்வுகளில் ஒரு பத்தியோடு கடந்து செல்லப்படுவதுண்டு. ஆனால் வானொலி என்பது வீட்டுக்கூடத்துப் பொருள் மட்டுமன்று, பொதுவிடத்தில் கூடிநின்று கேட்பதற்கும் உரியது என்ற பழக்கம் இந்நகரில் வேரூன்றியதற்கு அந்த நகராட்சித் தொடக்கமும் ஒரு காரணம். பிற்காலத்தில் மாநகராட்சிப் பூங்காக்களில் ஒலித்த வானொலிப் பெட்டிகளும் தேநீர்க்கடை ஒலிபெருக்கிகளும் அப்பழக்கத்தின் தொடர்ச்சியே.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளுக்கு இது மேலும் பொருந்தும். துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும், விடுதலைக்குப்பின் எண்ணூரில் எழுந்த அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு முதலிய ஆலைகளிலும் உழைத்தவர்கள் ஏற்கெனவே மேடைப்பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள். 1949 செப்டம்பர் 18இல் மழைக்கிடையே திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இராயபுரம் ராபின்சன் பூங்கா அத்தகைய கேட்புக் களங்களுள் ஒன்று. வானொலி நாயகனின் வீரவுரை இச்செவிகளுக்குப் புதிதன்று. பூங்கா மேடையில் பலமுறை கேட்ட தொனியையே அது காற்றில் மீண்டும் தந்தது.

ஒலிச்சித்திரம் என்னும் சான்று

வானொலி நாடக ஆய்வுக்கு முதல் இடர் சான்றில்தான் இருக்கிறது. தொடக்கப் பத்தாண்டுகளின் நாடகங்கள் பெரிதும் நேரடியாக நடித்து ஒலிபரப்பப்பட்டவை. ஒலிபரப்பு முடிந்ததும் நாடகமும் காற்றோடு போயிற்று. அச்சேறிய பனுவல்கள் உரையாடலைக் காட்டுமேயன்றிக் குரலைக் காட்டா. எனவே, மக்கள் நினைவில் குரலாகவே தங்கிவிட்ட ஒரு படைப்பிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். திரைப்படத்தின் ஒலித்தடத்தை ஏறத்தாழ ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கி ஒலிபரப்பும் ‘ஒலிச்சித்திரம்’ என்ற வகையைத் தமிழ் வானொலி வளர்த்தது. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலில் 1957இல் மேடையேறி, பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் படமான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இவ்வகையின் உச்சம். இதைத் திரையில் ஓரிரு முறை பார்த்தவர்களும் ஒலியாகப் பலமுறை கேட்டிருப்பர். ஒப்பனையும் அரண்மனையும் குதிரைகளும் நீங்கிய பிறகும் இது குறையின்றி நிற்பது, இது முதலிலிருந்தே செவிக்காக எழுதப்பட்டது என்பதற்குச் சான்று.

இதன் மையம் கட்டபொம்மனும் ஜாக்சனும் சந்திக்கும் காட்சி. வரலாற்றில் இச்சந்திப்பு 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்தது. சிவாஜி கணேசனின் ஏறியிறங்கும் செந்தமிழும், சி. ஆர். பார்த்திபனின் அயல்வாடை வீசும் தமிழும் எதிர்நிற்கும்போது கேட்போர்க்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. உச்சரிப்பே எதிரியை அடையாளம் காட்டிவிடுகிறது.

சந்திப்புக்குப் பிறகு நடந்தது இவ்வளவு எளிதன்று. கும்பினி அரசு விசாரணைக் குழு அமைத்தது. குழு கட்டபொம்மனைக் குற்றமற்றவர் எனக் கண்டது. ஜாக்சன் பதவியிழந்தார், அவரிடத்துக்கு லூஷிங்டன் வந்தார். கட்டபொம்மனுக்கு அவ்வேளையில் கிடைத்த வெற்றி மனுக்களாலும் சாட்சியங்களாலும் கிடைத்தது. இன்று தமிழகத்தில் இராமநாதபுரக் காட்சியை அறியாதவர் அரிது. விசாரணைக் குழுவை அறிந்தவர் வரலாற்று மாணவர் மட்டுமே. கோப்புக்கு ஒலி இல்லை. ஒலியற்றதை இவ்வடிவம் நினைவில் நிறுத்துவதில்லை.

இரண்டாம் எதிரி எட்டப்பன். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டையபுரத்துக்கும் இடையே எல்லைப் பூசல் இருந்ததை வரலாற்றாய்வாளர் சுட்டியுள்ளனர். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் தரப்பு. ஆயினும் துரோகத்துக்கு வழக்குத்தமிழ் சூட்டிய பெயர் எட்டப்பன் என்பதே. ஒரு பாளையத்தின் தன்னலக் கணக்கு, அச்சம், பழம்பகை ஆகிய அனைத்தையும் ஒரு குரலுக்குள் அடைத்துப் பெயரைப் பொதுப்பெயராக்கிவிடும் ஆற்றல் இந்நாடக மரபுக்கு உண்டு. அதன் அழகும் அதன் ஆபத்தும் அதுவே.

1921: ஒரே வாழ்வின் இரு காட்சிகள்

இனி இந்த அச்சில் வடசென்னையின் ஒரு வாழ்வை வார்த்துப் பார்க்கலாம். 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு என்னும் இரு சிறுவணிகர்கள். (நாயகனை மையமிட்ட நாடகத்தில் இவ்விருவருக்கும் கிடைக்கக்கூடியது தொடக்கக் காட்சியில் ஒரு வசனம்.) 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளில் எழுந்த போராட்டம் அக்டோபர் வரை நீடித்தது.

அவ்வாண்டில் திரு.வி.க.வின் வாழ்வில் இரண்டு காட்சிகள் உள்ளன. ஒன்று, ஆளுநர் வெலிங்டன் அவரை அழைத்து, நாடுகடத்த நேரும் என எச்சரித்தது. இது வானொலிக்கென்றே அமைந்தது: மூடிய அறை, இரு குரல்கள், ஒருவர் ஆள்பவர், மற்றவர் அஞ்சாதவர். இராமநாதபுரக் காட்சியின் வார்ப்பு அப்படியே பொருந்தும். எவ்வளவு எளிய எழுத்தாளரும் இதைக் கெடுத்துவிட முடியாது.

மற்றொன்று புளியந்தோப்பு. வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை. சேர்ந்தோரிலும் பலர் ஆலைக்குத் திரும்பினர். சாதி இந்துத் தொழிலாளருக்கும் அவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. எம். சி. ராஜா ஆதிதிராவிடர் தரப்பில் நின்று வாதிட்டார். ஆலைக்குத் திரும்பியவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. பல மாதம் கூலியின்றித் தாங்கும் வசதி அவர்களிடம் இல்லை. ஆலைக்கு வெளியே, தீண்டாமை நிலவிய ஊரில், வேறு வேலை கிடைப்பதும் எளிதன்று. சங்கத்தின் தலைமையும் அவர்களுடையதன்று.

இக்காட்சியை எழுதப்புகும் வானொலி நாடகாசிரியர்முன் மரபு நீட்டுவது எட்டப்பனின் குரலை மட்டுமே. போராட்டம் நாயகனுடையது, எனவே போராட்டத்திலிருந்து விலகுபவன் துரோகி என்பது அதன் இலக்கணம். அதைப் பின்பற்றினால் சேரி மக்களைத் துரோகிகளாக்கும் அநீதியை நாடகம் செய்யும். தவிர்க்க விரும்பினால் காட்சியையே விட்டுவிடும். நாயகன் ஆளுநர் மாளிகையிலிருந்து நேரே விடுதலைப் போராட்டத்துக்குச் சென்றுவிடுவார். இரண்டாவது வழியே பாதுகாப்பானது. அரசு ஒலிபரப்பின் விதிமுறைகளும் அதையே ஊக்குவிப்பவை: வன்முறையைத் தூண்டுதல், சமயத்தையும் சமூகத்தையும் தாக்குதல், கட்சியைப் பெயர்சுட்டித் தாக்குதல் ஆகியவற்றுக்கு அவற்றில் இடமில்லை. அவ்விதிகளுக்கு நியாயம் உண்டு. ஆனால் எச்சரிக்கை மிகுந்த கையில் அவை வரலாற்றை மழுக்கும் கருவியாகவும் மாறும்.

இது தமிழ் வானொலிக்கோ அரசு வானொலிக்கோ மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் 1935 முதல் 1953 வரை ஒலித்த ‘கேவல்கேட் ஆஃப் அமெரிக்கா’ என்ற தொடர் வரலாற்று மாந்தரின் வாழ்வை நாடகமாக்கியது. அதை நடத்தியது டியூபாண்ட் நிறுவனம். போரில் வெடிமருந்து விற்று ஆதாயம் பெற்றதாக 1934இல் செனட் விசாரணையில் கண்டனத்துக்கு உள்ளான நிறுவனம் அது. தொடக்க ஆண்டுகளில் அத்தொடரில் துப்பாக்கி ஒலிகூடத் தவிர்க்கப்பட்டது. தொழிலாளர் மோதல்களும் அதில் இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டன. அங்கே நிறுவனம், இங்கே அரசு. செலவு செய்பவர் வேறாயினும் விடுபடுவது ஒன்றாகவே இருப்பதால், குறையை ஆட்சியின்மீது மட்டும் ஏற்றாமல் வடிவத்துக்குள்ளும் தேட வேண்டியுள்ளது.

செங்கொடியின் ஒலி

சிங்காரவேலரின் வாழ்வு (1860–1946) இவ்வடிவத்துக்கு வேறொரு சோதனை. மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞரான அவர், 1923 மே 1இல் உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே நாள் கூட்டங்களை நடத்தினார். 1925இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928 தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தால் சிறை சென்றார். சென்னை மாவட்ட ஆட்சியரகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால் அவருடைய வாழ்வின் பெரும்பகுதி நூலறையிலும் அறிவியல் கட்டுரைகளிலும் கழிந்தது. படிப்பது ஒலியற்ற செயல். மே நாளின் செங்கொடிக்கும் ஒலி இல்லை. நிறத்தை வானொலியில் யாரேனும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்லும் கணத்தில் அது கொடியாயிராது முழக்கமாகிவிடும். ஆகவே இவரைக் குறித்த நாடகம் கடற்கரைக் கூட்டத்துக்கே விரையும். ‘குடிஅரசு’ இதழில் அவர் பொறுமையாக எழுதிய அறிவியல் விளக்கங்கள் விவரிப்பாளரின் ஒரு வரியில் முடிந்துபோகும்.

பலகுரல் என்னும் வாய்ப்பு

இவ்விடர்களை வானொலியின் இயல்பு என்று கூறிவிட இயலாது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் மன்னனை அறிமுகம் செய்பவன். அவனையே கேலி செய்யவும் உரிமை பெற்றவன். வானொலி விவரிப்பாளர் அவனிடமிருந்து அறிமுகப் பணியைப் பெற்றுக்கொண்டு கேலியைக் கைவிட்டார். அதனால் நாயகனை ஐயுறும் குரல் நாடகத்துள் இல்லாமற்போயிற்று.

குடும்பத் தொடர்நாடகத்திலோ பலகுரல் தழைத்தது. இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’, சானாவின் ‘லண்டன் கந்தையா’ ஆகிய இலங்கை வானொலித் தொடர்களும், சென்னை நிலையத்தின் ‘காப்புக்கட்டிச் சத்திரம்’ தொடரும் அன்றாடப் பேச்சையே உயிராகக் கொண்டவை. ஈழத்துத் தொடர்கள் யாழ்ப்பாணத்து வழக்கைத் தயக்கமின்றி ஒலித்தன. ஒருவரோடொருவர் உடன்படாத மனிதர்களைத் துரோகியாக்காமலே பேசவிடும் கலை இத்தொடர்களில் வளர்ந்திருந்தது. வாழ்க்கை வரலாற்று நாடகம் பக்கத்து அறையிலிருந்த இக்கலையைப் போதிய அளவு இரவல் பெறவில்லை.

புளியந்தோப்பைச் செவிக்கு எழுதுவதற்கான வழியும் இங்கிருந்தே கிடைக்கக்கூடும். ஆலைச் சங்கு ஒன்றுதான். அதைக் கேட்கும் வீடுகள் பல. வேலைக்குப் போகாத வீடும் போகும் வீடும் அதே ஒலியை வெவ்வேறு அச்சத்தோடு கேட்டிருக்கும். அவ்வீடுகளில் பேசப்படுவது சென்னைத் தமிழாக இருந்தாக வேண்டும். அத்தமிழைச் சிரிப்புக்கென ஒதுக்கிவைத்த நாடகப் பழக்கம் முதலில் கைவிடப்பட வேண்டும்.

இயக்கத்தின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. பெரம்பூர்க் கூட்டங்களில் அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் பெயர்த்துக் கூறினார். நாயகன் ஒரே குரலில் முழங்கும் நாடகத்தில் இக்காட்சிக்கு இடமில்லை. ஒரு பேச்சு மற்றொன்றாக மாறும் இடைவெளியில், கேட்டுநின்ற ஆலைத் தொழிலாளர் தமக்குள் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எழுத முனையும் நாடகம் முற்றிலும் வேறு வகையினதாக இருக்கும்.