எடைச் சீட்டின் பின்பக்கம்

ரயில்வே பிளாட்பாரங்களில் கலர் விளக்குகள் சுழல ஒரு எடை மெஷின் நிற்கும். காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடையை மறந்துவிட்டுப் பலனைப் படித்துச் சிரித்துக்கொண்டே வண்டியேறுவோம். போன வருசம் ஒரு மருத்துவ முகாமில் எனக்குக் கிடைத்த சீட்டில் எடையும் பலனும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. சிரிக்க முடியவில்லை.

இது அந்தச் சீட்டைப் பற்றிய விமர்சனம். கவிதையும் நாவலும் மட்டுமே பிரதிகள் என்று யார் சொன்னது? லட்சக்கணக்கானவர்கள் வாசித்து, நம்பி, பயந்து, அதன்படி சோற்றைக் குறைத்துக்கொள்கிற ஒரு பிரதி நம் விமர்சகர்களின் கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

சீட்டு சொல்வது இவ்வளவுதான்: வயது 49, உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ, உடல் நிறைக் குறியெண் 24.2, கொழுப்பு 31 சதம். 'இலக்கு' 58 கிலோ. அடியில் பேனாவால், 'எட்டுக் கிலோ குறைக்கவும்'. மூன்று மாத சர்க்கரை 6.1. நோயாளி என்று சொல்ல 6.5 வேண்டும். ஆக, இன்னும் உள்ளே போகவில்லை, வாசல்படியில் நிற்கிறேன். இடுப்புச் சுற்றளவு சீட்டில் எங்குமே இல்லை. தையல்கார நண்பரின் டேப்பை வாங்கி நானே அளந்தேன். 94 செ.மீ.

ஃபூக்கோவை வாசித்தவன் இதைக் கிழித்துப் போட ஒரு நிமிசம் ஆகுமா? நண்பர் ஒருவர் அதைத்தான் சொன்னார். "ஒடம்பு மேல அதிகாரம் எழுதுற சீட்டு தோழர் இது. நீங்களே இதுக்குப் பணியலாமா?" சொன்னவருக்கு வயிறு தட்டை, சர்க்கரை இல்லை. கோட்பாடு பேசுவதற்கு நல்ல உடல்நிலை.

இருந்தாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தக் குறியெண்ணின் வம்சாவளியைத் தோண்டினால் மருத்துவர் எவரும் முதலில் கிடைப்பதில்லை. கிடைப்பவர் அடால்ஃப் கெட்லே என்கிற பெல்ஜிய வானியலாளர். வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று அவர் கண்டது 1830களில். நட்சத்திரங்களை அளக்கும்போது நேரும் பிழைகளைச் சராசரி போட்டுத் திருத்துகிற முறையை அவர் மனிதர்கள் மேல் ஏவினார். 'சராசரி மனிதன்' பிறந்தான். நானும் நீங்களும் அவனிலிருந்து விலகிய பிழைகள். 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதே வகுத்தலுக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்காக அவரது குழு ஒப்பிட்டது ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை. ஆண்களை மட்டும். எல்லைக்கோடும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1998இல் அமெரிக்கா ஆண்களுக்கான கோட்டை 27.8லிருந்து 25க்கு இறக்கியதும், ஒரு கிராம்கூட ஏறாமலே இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் 'அதிக எடை'க்காரர்களானார்கள். 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி நமக்கு 23 என்றார்கள். என் 24.2, ஒரு அட்டவணையில் சரியான உடம்பு. இன்னொன்றில் குற்றம்.

இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான கட்டுடைப்பு ஒன்று முடிந்திருக்கும். கைதட்டும் கிடைத்திருக்கும். என்னால் நிறுத்த முடியாததற்குக் காரணம் என் அம்மா.

அம்மா சித்தாள். கட்டிட வேலையில் ஜல்லியும் கலவையும் சுமந்தாள். ஒருபோதும் ஐம்பது கிலோவைத் தாண்டாதவள். அவள் மேலும் இளைத்தபோது தெருவில் எல்லோரும் "வேல செஞ்சு வத்திப்போன ஒடம்பு, இதுக்கெல்லாம் சுகரு வராது" என்றார்கள். வைத்தியம் பார்த்தவரும் அதையே சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எடை மெஷினில் ஏற்றினார்கள், 41. குண்டாக இல்லாதவளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்தபோது கால் புண் ஆறாத நிலை. அவளிடமிருந்து கரைந்துகொண்டிருந்தது தசை. எடை இறங்கியதுதான் வியாதி. அன்றைக்கு அவளுடைய குறியெண் யாரையும் பயமுறுத்தாத எண்.

ஆக, எடை பொய் சொல்லும். இரண்டு பக்கமும் பொய் சொல்லும். இதை ஒரே படத்தில் காட்டியவர்கள் புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும். 2004இல் லான்செட் இதழில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று படம் போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் குறியெண் 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனேயைச் சுற்றிய கிராமங்களில் சராசரி 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் 3.5 கிலோ குழந்தைகளோடு வைத்துப் பார்த்தபோதும் இதே கதை. தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு. உடனே சிலர், "வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சம்தான் நம்ம ரத்தத்துல இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தின் கொடுமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நேற்றைக்குச் சாப்பிடாத தாயை விட்டுவிட்டு நூறு வருசத்துக்கு முந்தைய பஞ்சத்துக்குத் தாவுவது, நேற்றைய பட்டினிக்குப் பொறுப்பானவர்களைத் தப்பவிடுகிற வேலை.

கீஸிடம் திரும்ப வேண்டும். இவரே 1944-45இல் மின்னசோட்டாவில், போருக்குப் போக மாட்டோம் என்று மனசாட்சியின் பேரால் மறுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பசியை ஆராய்ந்தவர். அவர்கள் உடல் எடையில் கால்வாசியை இழந்தார்கள். கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் போனது. திரும்பச் சோறு போட்டபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கியது. எடைக்கு எண் கொடுத்தவரின் கையிலேயே எடை போதாது என்பதற்கான சாட்சியும் இருந்திருக்கிறது. எட்டுக் கிலோ குறை என்று எனக்கு எழுதியவர், எது குறைய வேண்டும் என்று எழுதவில்லை. வாயைக் கட்டினால் போவதில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்பல்லாதது. 2025இல் இங்கே விற்பனைக்கு வந்த வாராந்திர ஊசிகளிலும் இந்தக் கேள்வி தீரவில்லை. அவற்றில் ஒன்றின் பெரிய சோதனையில் ஒரு சிறு குழுவை ஊடுகதிர் கொண்டு அளந்தபோது, குறைந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு.

அப்படியானால் 'உடல் கலவை'யைத் திருத்துவதுதான் விடையா? இந்தச் சொல்லாடலையும் லேசில் நம்பாதீர்கள். எடை என்கிற முரட்டுக் கண்காணிப்பின் இடத்தில் நுணுக்கமான கண்காணிப்பு வந்து உட்கார்கிறது, அவ்வளவுதான். அந்த மெஷின் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. உடம்பில் லேசான மின்சாரத்தை ஓடவிட்டு, தண்ணீரைக் கணித்து, கம்பெனியின் சூத்திரத்தால் கொழுப்பைக் கணக்கிடுகிறது. ரெண்டு சொம்பு தண்ணி குடித்துவிட்டு ஏறினால் சதவீதம் மாறும். 31 என்பது அளவு இல்லை, ஊகம். அப்புறம் 'தசை' என்றதும் கூடவே வருகிற ஆண்மை, வீரம், தேசம் என்கிற சாமான்கள் வேறு. தண்டாலும் பஸ்கியும் யார் யாருடைய மைதானங்களில் என்னவாக மாற்றப்பட்டிருக்கின்றன என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தசைக்குப் புரதம் வேண்டும் என்ற இடத்தில் விசயம் நேரே தட்டுக்கு வந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கின்படி கிலோவுக்கு 0.83 கிராம், எனக்கு 55 கிராம். ஒரு முட்டையில் ஆறு. ரேசன் அரிசியை எவ்வளவு தின்றாலும் வயிறுதான் முன்னால் வரும். எங்கள் தெருவில் மலிவான புரதம் மாட்டுக்கறி. அம்மா கூலி வாங்கிய சனிக்கிழமைகளில் மட்டும் வாங்கினாள், இலையில் சுற்றி, பைக்குள் மறைத்து. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை நுழைந்தது 1989இல். 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தர மாட்டேன் என்றார். கலவையைத் திருத்துங்கள் என்று அறிவுரை சொல்கிற அதே வர்க்கம்தான் மாட்டுக்கறிக்காரனுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கிறது, பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது. இந்த இடத்தை விட்டுவிட்டு உடலரசியல் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

என் முடிவை எல்லோருக்குமான கோட்பாடாக்கவும் நான் தயாரில்லை. 98 கிலோவில் மூட்டு தேய்ந்து நடக்க முடியாத தோழி ஒருவர் இருக்கிறார். அவருக்கு எடையே சுமை. அவரிடம் போய் 'எடை ஒரு கட்டமைப்பு' என்று சொன்னால் செருப்பால் அடிப்பார். 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கடுமையாக எடை குறைத்த சர்க்கரை நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரு வருசத்தில் மாத்திரை இல்லாமலே நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள். அங்கே எடையிழப்பு நிஜமாகவே மருந்து. ஆனால் அவருக்கு இதுவரை கிடைத்த அறிவுரைகளில் பாதி அவர் மூட்டைப் பற்றியதில்லை, அவர் ஒரு பெண்ணாக எப்படித் தெரிகிறார் என்பதைப் பற்றியது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியதும் அதனால்தான்.

எனக்கு 58 வேண்டாம். எண்ணை இறக்க முடியும், ஆனால் எதைக் கொடுத்து இறக்குவேன் என்று தெரியாமல் அம்மாவின் பாதையில் இறங்க நான் தயாரில்லை. இடுப்பு 90க்குக் கீழே வர வேண்டும், சர்க்கரை 5.7க்குக் கீழே. அதற்குள் எடை ரெண்டு மூணு கிலோ இறங்கினால் இறங்கட்டும், இறங்காவிட்டால் போகட்டும். சோற்றில் பாதியைக் குறைத்து முட்டையும் சுண்டலும் கறியும் கூட்டியிருக்கிறேன். வாரம் மூன்று நாள் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறேன். முதல் வாரம் ஐந்து தடவைக்கே மூச்சு வாங்கியது. அம்மா ஒரு நாளில் எத்தனை சட்டி தூக்கியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் டேப்பைப் பிடிக்கிறாள். "மூச்ச இழுக்காதப்பா, கள்ளக் கணக்கு" என்கிறாள். இந்த வாரம் 92.