கருங்குங்கிலியம்: கண்ணை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள்

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டில், தளிர்விடும் பருவத்தில் சில மரங்களின் உச்சி மட்டும் செக்கச்செவேலென்று நிற்கும். பூத்திருக்கிறது என்று வண்டியை நிறுத்திப் படமெடுப்பார்கள். அது பூவல்ல, தளிர். அந்த மரம்தான் கருங்குங்கிலியம்; அதன் பூ பொடிசு. கீழிருந்து பார்த்தால் கண்ணில் படவே படாது.

படத்தோடு திருப்திப்பட்டுக் கிளம்புகிறவர்கள் மரத்தில் பாதியைத்தான் பார்த்தார்கள் என்பேன். வனத்துறை அனுமதிக்கும் பாதையோரம் ஒரு மரம் வாய்த்தால் அடிமரத்தருகே போய் நில்லுங்கள். அட்டைகள் ஏறும், ஏறட்டும். கிளையே இல்லாமல் விறுவிறுவென்று மேலே போகும் தண்டில் முதலில் காயத்தைத் தேடுங்கள். பட்டை கிழிந்த இடத்தில் பிசின் கசிந்து, வழிந்து, கறுத்து இறுகியிருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கோயில் பிராகார வாசனை. குந்திரிக்கம் தரும் மரமும் இதே குடும்பம்தான்.

நீலகிரியில் குறும்பர்களும் மற்ற பழங்குடிகளும் காலங்காலமாக இந்தப் பிசினைச் சேகரித்துப் புகைபோடுகிறார்கள். வார்னிஷுக்கும் இது போயிருக்கிறது. தானாகக் கசிந்ததை எடுத்தால் மரத்துக்குச் சேதமில்லை. ஆசை மிகுந்தவர்கள் பட்டையை வெட்டி, அடியில் தீ மூட்டிக் கசியவைப்பதும் உண்டு. அடிமரம் கரிந்திருந்தால் காரணம் புரிந்துகொள்ளுங்கள். அப்படித் தீய்ந்த மரங்கள் பல பட்டே போகின்றன. மென்மையான கட்டை என்பதால் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் வெட்டியது தனிக்கதை.

தரையையும் விடாதீர்கள். இருபுறமும் கூரான, கல் போன்ற கொட்டைகள் கிடந்தால் மேலே இருவாச்சி வந்து போயிருக்கலாம். சதையைத் தின்று சில கொட்டைகளை இங்கேயே போட்டுவிட்டு, மற்றதை வேறெங்கோ கக்கிவிடும். அடுத்த மரம் அங்கேதான்.

காட்டுக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. இந்தப் பிசினை வெறுமனே ‘குங்கிலியம்’ என்று கேட்டால் வெள்ளைக் குங்கிலியத்தைக் கொடுத்துவிடுவார்கள். ‘கருங்குங்கிலியம்’ என்று அழுத்திக் கேளுங்கள். கட்டியாகப் பார்த்தால் மினுமினுக்கும் கறுப்பு. மெல்லிய சில்லாக உடைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடர்ந்த செம்பழுப்பு தெரியும். எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்தது அந்த நிறம்தான், தளிர்ச் சிவப்பைவிட. பிறகு தணலில் ஒரு சிட்டிகை மட்டும் தூவுங்கள்; கை தாராளமானால் வீடு முழுக்கப் புகை மண்டி ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும்.