சபிக்கப்பட்ட வாளும் அதனை ஏந்துவோனும்: அற்புத நவிற்சிப் புனைகதை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

மாயமும் வீரசாகசமும் காதலும் ஒருங்கே கலந்த அற்புத நவிற்சிப் புனைகதை ஆங்கில மொழியில் இருபதாம் நூற்றாண்டிலே பெருவளர்ச்சி பெற்றது. எனினும், திறனாய்வாளர் அதனை நெடுங்காலமாகப் பொருட்படுத்தினாரல்லர். முற்போக்குத் திறனாய்வாளர் பலர் அதனை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் இலக்கியமெனத் தள்ளினர். டார்கோ சூவின் 1979இல் வெளியிட்ட நூலில் விஞ்ஞானப் புனைகதைக்கு அளித்த அறிவுசார் மதிப்பை அற்புதக் கதைக்கு மறுத்தமை இம்மனப்பாங்குக்கு எடுத்துக்காட்டாகும். மறுபுறத்தில், தொல்படிமக் கொள்கையினர் இக்கதைகளை மனித மனத்தின் என்றுமுள்ள வடிவங்களாகக் கண்டு போற்றினர். தள்ளியோரும் போற்றியோரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: இக்கதைகளுக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்பதே அது. இவ்வுடன்பாடு ஏற்புடையதன்று என்பது எமது கருத்தாகும்.

இதனை நிறுவுவதற்கு இக்கதைகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு கூறினை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது சபிக்கப்பட்ட வாள். ஏந்துவோனுக்கு வெற்றியைத் தந்து, அவனுடைய அன்புக்குரியோரைக் கொன்று, ஈற்றில் அவனையும் அழிப்பது அதன் இயல்பு. வாள் அவனுடைய உள்ளத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதையே வாசகரும் திறனாய்வாளரும் பெரும்பாலும் வினவுவர். அதற்கு முன்னர் வினவவேண்டியது ஒன்றுண்டு. வாளின் தீமை எங்கிருந்து வந்தது?

2

இக்கூற்றின் பழைய வடிவங்களுள் தெளிவானது, 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்திய உரைநடைக் கதையான ஹெர்வோரின் சாகாவில் வரும் தீர்ஃபிங் என்னும் வாளாகும். அக்கதையின் ஒரு பாட மரபின்படி, ஸ்வாஃப்ர்லாமி என்னும் அரசன் துவாலின், தூரின் என்னும் இரு குள்ளரை அவர்களின் கல்லுறைவிடத்துக்கு வெளியே மடக்கிப் பிடிக்கிறான். பொற்பிடியுடையதும், துருவேறாததும், இரும்பைத் துணிபோல வெட்டுவதும், என்றும் வெற்றி தருவதுமான வாளொன்றைச் செய்து தந்தாலே விடுதலை என்கிறான். அவர்கள் செய்து கொடுக்கின்றனர், கொடுக்கும்போதே சபிக்கின்றனர். உருவப்படும்போதெல்லாம் அது ஓர் உயிரைக் கொள்ளும்; மூன்று இழிசெயல்களுக்குக் காரணமாகும்; அரசனுக்கும் அதுவே கூற்றாகும். சினந்த அரசன் அவ்வாளாலேயே குள்ளனை வெட்ட முயல, அவன் கல்லினுள் மறைந்துவிடுகிறான்.

இந்நிகழ்ச்சியில் மர்மம் எதுவுமில்லை. வாளின் இரு பண்புகளும், அதாவது அதன் ஆற்றலும் அதன் சாபமும், ஒரே மூலத்திலிருந்து, வலிந்து பெறப்பட்ட உழைப்பிலிருந்து, பிறக்கின்றன. கைவினைஞனின் திறன் வாளைச் செய்கிறது. அத்திறனைப் பறித்த வன்முறை அதனைச் சபிக்கிறது.

கதையின் பிற்பகுதி இவ்வுண்மையைத் தலைமுறை தலைமுறையாக விரித்துச் செல்கிறது. ஆர்ன்கிரிம் அவ்வாளைப் பறித்து ஸ்வாஃப்ர்லாமியைக் கொல்கிறான். ஆர்ன்கிரிமின் மகன் ஆங்கன்டீர் சாம்சோத் தீவிலே மாண்டு வாளுடன் புதைக்கப்படுகிறான். அவனுடைய மகள் ஹெர்வோர் புதைமேட்டுக்குச் சென்று தனது உரிமையெனக் கூறி வாளைக் கேட்கிறாள். அது அவளுடைய குலத்தையே அழிக்கும் என இறந்த தந்தை எச்சரித்தும் அவள் கேட்கவில்லை. அவளுடைய மகன் ஹெய்ட்ரெக் மன்னனானபோது, போரிலே சிறைப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட ஒன்பதின்மர் அவனுடைய கூடாரத்தினுட் புகுந்து அவனைக் கொன்று வாளை எடுத்துச் செல்கின்றனர். அவனுடைய மகனான இரண்டாம் ஆங்கன்டீர் அவர்களைக் கொன்று வாளை மீட்கிறான். பின்னர், சிறைப்பிடிக்கப்பட்ட ஹூணர் குலப் பெண்ணுக்குப் பிறந்தவனும் தனது மாற்றாந்தாய்வழிச் சகோதரனுமாகிய ஹ்லோட் சொத்திற் பாதியைக் கேட்டுப் போருக்கு வந்தபோது, அவனையும் அவ்வாளாலேயே கொல்கிறான்.

வாள் எங்கெல்லாம் உயிர் கொள்கிறதோ அங்கெல்லாம் உழைப்பு, அடிமைமுறை, சொத்துரிமை என்பவற்றுள் ஒன்று நிற்பதை அவதானிக்கலாம். சாகா மேன்மக்களின் நோக்கிலே கூறப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஒன்பது அடிமைகளும் அதற்குக் கொலைகாரரே. அவர்களும் உயர்குடியிற் பிறந்தோர் என்று கூறியே அவர்களின் துணிவுக்கு அது காரணங்காட்டுகிறது. ஆயினும், தன் வர்க்கச் சார்பையும் மீறி, வாள் எவ்வாறு சாபமுற்றது என்பதை அது மறைக்கவில்லை. பல்சாக் பற்றி ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதத்திற் சுட்டிய முரண், அதாவது ஆசிரியனின் சார்பையும் மீறிப் படைப்பில் உண்மை வெளிப்படுதல், இதற்கும் பொருந்தும்.

3

தற்காலப் புனைகதைக்கு வரும்போது இவ்வெளிப்படை மங்குகின்றது. அம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள டொல்கீன் நல்லதொரு வாய்ப்பினைத் தருகிறார். பின்லாந்தின் கலேவலாவில் (1849ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பில்) வரும் குல்லெர்வோ கதையை அவர் மாணவராயிருந்த 1914ஆம் ஆண்டளவில் மீள எழுதத் தொடங்கினார். பின்னர் அதுவே 1977இல் வெளிவந்த சில்மரில்லியனில் தூரின் துரம்பார் கதைக்கு வித்தாயிற்று. இருவரும் தங்கையென அறியாது ஒரு பெண்ணைக் கூடுகின்றனர். அவள் நீரில் வீழ்ந்து மாள்கிறாள். இருவரும் தம் குருதியைக் குடிப்பாயா எனத் தம் வாளையே வினவி அதன்மேல் வீழ்ந்து மடிகின்றனர்.

ஆனால், குல்லெர்வோ ஓர் அடிமை. தன் குலத்தை அழித்தோரின் வீட்டிலே பிறந்து, கொல்லனுக்கு விற்கப்பட்டவன். எசமானி அவனுடைய உணவுக்கான ரொட்டியினுள்ளே கல்லை வைத்துச் சுடுகிறாள். தந்தை வழியாக அவனிடம் எஞ்சியிருந்த ஒரே பொருளாகிய கத்தி அக்கல்லிற்பட்டு முறிகிறது. அவனுடைய அழிவு அடிமை வாழ்விலிருந்தே தொடங்குகிறது. தூரினோ பிரபுவின் மகன். அரசனின் வளர்ப்பு மகன். அவனுடைய நாட்டு மக்கள் அடிமைப்படுத்தப்படுகின்றனர். எனினும் அது கதையின் ஓரத்திலே நிகழ்கிறது. அவனைத் தொடர்வது மொர்கொத் என்னும் தீச்சக்தியின் சாபம். நண்பன் பெலெகைக் கொன்ற அவனுடைய கரிய வாளில் அதனைச் செய்த கொல்லன் எயோலின் கருநெஞ்சம் உறைகிறது எனப்படுகிறது.

இங்கே ஒரு சிறு விவரம் மனங்கொள்ளத்தக்கது. எயோல் அவ்வாளை அரசன் திங்கோலுக்கு மனமுவந்து அளித்தானல்லன். காட்டில் வாழ்வதற்கான அனுமதிக்கு இறையாக, மனக்கசப்புடனேயே கொடுத்தான். ஆகவே, குள்ளரிடம் பறித்த வாளின் நினைவு இங்கும் முற்றாக அழிந்துவிடவில்லை. அது ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. சமூக உறவு கொல்லனின் குணக்கேடாக மாற்றப்பட்டுவிட்டது.

4

மைக்கல் மூர்கொக்கின் எல்ரிக் கதைகள் வேறொரு திசையிற் செல்கின்றன. முதற்கதை 1961இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. தொடரின் முடிவைக் கூறும் நாவல் 1965இல் நூலாயிற்று. எல்ரிக், பத்தாயிரம் ஆண்டுகள் உலகை ஆண்டு நலிவுற்ற மெல்னிபொனேப் பேரரசின் கடைசிப் பேரரசன். வெண்தோலும் செங்கண்ணும் உடையவன். மருந்தின் துணையின்றி எழுந்து நிற்கவும் இயலாதவன். ஸ்ரோம்பிரிங்கர் என்னும் கரிய வாள் தான் கொல்வோரின் ஆன்மாவைக் குடித்து, அவ்வலுவை அவனுடைய உடலிற் பாய்ச்சுகிறது. முதற்கதையிலேயே அவன் காதலித்த சிமொரில் அவ்வாளிற்பட்டு இறக்கிறாள். வெறுப்புற்று வாளைக் கடலில் எறிகிறான். அது மூழ்காது நிற்கிறது. அவனே அதனை மீண்டும் எடுத்துக்கொள்கிறான். இறுதியில் மனைவி சரொசினியாவும் நண்பன் மூன்கிளமும் தம் உயிரை அவ்வாளுக்கு ஈந்தே அவனுக்கு வலுவூட்டுகின்றனர். பின்னர் வாள் அவனையும் கொல்கிறது.

இதனைப் போதைப்பழக்கத்தின் உருவகமாகக் கொள்வோர் உளர். அது பிழையன்று, ஆயின் போதாது. போதைக்கு அடிமையானவன் முதலில் தன்னையே அழிக்கிறான். எல்ரிக்கோ ஈறுவரை பிறருடைய உயிரினாலேயே வாழ்கிறான். மூலதனத்தை, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பென 1867இல் மார்க்ஸ் உருவகித்ததை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். 1972இல் வெளிவந்த முன்கதை நாவலில் எல்ரிக்கின் அரசவையிலே பாடும் அடிமைகள் வருகின்றனர். ஒவ்வொருவரும் ஒரேயொரு சுரத்தை மாத்திரம் எழுப்புமாறு அறுவைசெய்யப்பட்டவர்கள். பேரரசின் இன்னிசையும் பேரரசனின் உடல்வலுவும் ஒரே முறையில், பிறரை அழித்தே பெறப்படுகின்றன. வாள் அப்பேரரசின் சுருக்கவடிவமேயாகும்.

மூர்கொக் 1939இல் லண்டனிற் பிறந்தவர். 1947இல் இந்தியாவும், 1948இல் இலங்கையும், 1957இல் கானாவும் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுபட்டன. 1956இல் சுயெஸ் நெருக்கடி அப்பேரரசின் இயலாமையை உலகறியச் செய்தது. தன் வலுவால் நிற்கவியலாத, பிறர் வலுவைத் துறக்கவும் மனமில்லாத பேரரசனின் உருவம் இச்சூழலிலே பிறந்தது தற்செயலாகாது. தம்மை அராஜகவாதியெனக் கூறிக்கொண்ட மூர்கொக், 1978இல் வெளியிட்ட கட்டுரையில் டொல்கீனின் ஆறுதல் தரும் பழமைவாதத்தைச் சாடியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

காதல் ஏன் இவ்வாளுக்கு இரையாகின்றது என்பதும் இப்போது விளங்கும். இக்கதைகளில் காதலே அதிகாரத்துக்குப் புறம்பான உறவாகக் காட்டப்படுகிறது. உலகை வென்ற கையினாலேயே ஒருத்தியைத் தீங்கின்றி அணைக்கலாம் என்பது வீரனின் நம்பிக்கை. அக்கையிலுள்ள வாள் வேற்றாரையும் உற்றாரையும் பிரித்தறியாது. பிறரை வருத்திப் பெற்ற வலுவைக்கொண்டு தன் இல்லத்தை மாத்திரம் தூயதாக வைத்திருக்க முடியாது என்ற உண்மையைச் சிமொரிலின் மரணம் உணர்த்துகிறது.

5

எனினும், எல்ரிக் கதைகளின் குறைபாட்டையும் கூறல் வேண்டும். தீர்ஃபிங்கைச் செய்தவர்களுக்குப் பெயர் உண்டு. ஸ்ரோம்பிரிங்கரை எந்தக் கைவினைஞனும் வலிந்து செய்விக்கப்படவில்லை. அது வாள் வடிவெடுத்த ஒரு தீச்சக்தி. மனிதர்க்கிடையிலான உறவு, பொருளொன்றின் சொந்த விருப்பமாகத் தோற்றமளித்தலையே மார்க்ஸ் பண்டங்களின் மாயத்தன்மை என விளக்கினார். தானே அசைந்து, தானே கொல்லும் வாள் அம்மாயத்தன்மையின் முழுவடிவம். அதன் விளைவை மூர்கொக் அஞ்சாது காட்டுகிறார், தோற்றுவாயைக் காட்டவில்லை. ஆகையால், ஏந்துவோன் வருந்தலாம், வெறுக்கலாம், மடியலாம். வாளை இல்லாதொழிக்க மாத்திரம் அவனால் இயலாது. ஆன்மாவை இழந்தோருட் பெரும்பாலோர் பெயரின்றியே மறைகின்றனர். பேரரசனின் துயரமே துயரமாக எஞ்சுகிறது.

இவ்வகைப் புனைகதையைப் பொய்யெனத் தள்ளுவதாலோ, என்றுமுள்ள படிமமெனப் போற்றுவதாலோ பயனில்லை. சபிக்கப்பட்ட வாளைச் சந்திக்கும்போது அதனை ஏந்தியவனின் உள்ளத்தோடு நின்றுவிடாது, அதனைச் செய்தவர் யார், என்ன விலைக்குச் செய்தனர், அது யாருடைய உயிரை உண்டது என வினவுதல் வேண்டும். கல்லினுள் மறைந்த குள்ளன் கதையிலிருந்து மறையவில்லை. வாளில் அவனுடைய சொல் இருக்கிறது. அச்சொல்லைக் கேட்கச் செய்வதே திறனாய்வின் கடமையாகும்.