இருங்காட்டுக்கோட்டையின் ஐ10: இன்றும் வாங்கலாமா?

பழைய கார் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஹூண்டாய் ஐ10. கிராண்ட் ஐ10 இல்லை, நியாஸும் இல்லை. 2007-இல் வந்த முதல் தலைமுறை. ஆனால் எந்த ஐ10 என்பதில் நான் கறார்.

2007 அக்டோபர் 31 அன்று டெல்லியில்தான் இந்தக் காரை உலகம் முதன்முதலாகப் பார்த்தது. ஒரு கொரிய நிறுவனம் தன் புது மாடலை இங்கே வந்து திறந்து வைத்ததற்குக் காரணம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலைதான் இதற்குத் தாய்வீடு. அடுத்த ஆண்டே அதே வளாகத்தில் இரண்டாவது ஆலையும் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவுக்குப் போன ஐ10 எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறியவை. 2009-இல் பிரிட்டனில் பழைய காரை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண்டு தள்ளுபடி என்று திட்டம் வந்தபோது, மக்கள் தேடிப்போய் வாங்கிய கார்களில் இதுவும் ஒன்று. நம் ஊர்த் தொழிலாளர்கள் பூட்டிய கார் லண்டன் தெருவில் ஓடியதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

அளவைப் பாருங்கள். நீளம் 3,565 மி.மீ., வீல்பேஸ் 2,380 மி.மீ. இரண்டுமே சான்ட்ரோ ஜிங்கின் கணக்கு. அகலம் மட்டும் 70 மி.மீ. கூடியது, உயரம் சற்றுக் குறைந்தது. அதனால்தான் சான்ட்ரோவை ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் ஏறியதும் பார்க்கிங் கணக்கு மாறவில்லை. வளைவில் வண்டி சாய்வது மட்டும் குறைந்துவிட்டது. கியர் லீவரைத் தரையிலிருந்து தூக்கி டேஷ்போர்டில் வைத்தது சின்ன மாற்றம்போலத் தெரியும். தி.நகர் நெரிசலில் ஓட்டிப் பார்த்தால் அதன் அருமை புரியும்: ஸ்டீயரிங்கிலிருந்து கை எட்டும் தூரத்தில் கியர், முழங்காலுக்குத் தாராளமாக இடம், பஞ்சுபோல் அமுங்கும் கிளட்ச். பின் சீட்டில் இரண்டு பெரியவர்கள் வசதியாக உட்காரலாம். மூன்றாமவர் நெருக்கித்தான் உட்கார வேண்டும். டிக்கி 225 லிட்டர்.

முதலில் வந்தது 1,086 சிசி இன்ஜின், சுமார் 67 குதிரைத்திறன். ஊருக்குள் போதும், ஏசி போட்டு நான்கு பேரோடு மேடேறினால் திணறும். 2008-இல் வந்த 1,197 சிசி கப்பா இன்ஜின்தான் இந்தக் காரின் உயிர். 80 குதிரைத்திறன், அலுமினிய பிளாக், சத்தமில்லாத ஓட்டம். 1,200 சிசிக்கு உள்ளே நிறுத்தியதற்கு வரிக் கணக்கும் ஒரு காரணம்: நான்கு மீட்டருக்குக் குறைவான, 1,200 சிசியைத் தாண்டாத பெட்ரோல் கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்திருந்தது. கப்பாவில் டைமிங் செயின், பழைய 1.1-இல் டைமிங் பெல்ட். 1.1 வாங்குபவர்கள் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்தே தீர வேண்டும்.

இனி, மனதை உறுத்தும் விஷயம். ஏர்பேக் பொருத்திய ஐ10, 2008-இல் யூரோ என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப், இந்தியாவில் விற்ற ஏர்பேக் இல்லாத ஐ10-ஐ மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. கிடைத்தது பூஜ்யம். உடற்கட்டும் போதுமான அளவு தாங்கவில்லை என்றார்கள். ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ என அன்று சோதித்த மற்ற கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளுக்கும் அதே பூஜ்யம்தான் என்பதால் இதன் குறை சிறியதாகிவிடாது. சன்ரூஃப் வரைக்கும் விலை உயர்ந்த அஸ்டா வகையில் கொடுத்த காரில், உயிர் காக்கும் ஏர்பேக் கீழ்வகை வாங்கிய குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அன்றைய சட்டமும் கேட்கவில்லை. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-இல்தான்.

2010 செப்டம்பரில் முகப்பு மாறியது; கண்ணாடியில் இண்டிகேட்டர், கியர் மாற்றச் சொல்லும் குறியீடு எல்லாம் சேர்ந்தன. 2013-இல் கிராண்ட் ஐ10 வந்த பிறகும் இதன் விற்பனை 2017 வரை தொடர்ந்தது.

வாங்குவதானால் 2010-க்குப் பிந்தைய கப்பா, அதிலும் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள அஸ்டாவைத் தேடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யின் 15 ஆண்டுக் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து, புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஏர்பேக் இல்லாத வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.