வழக்கு யாருடையது?

செஞ்சியை அடுத்த தளவானூரில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அப்பல்லவ மன்னன் 'மத்தவிலாசம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தையும் இயற்றினான். அதில் காபாலிகன் ஒருவனின் கபால ஓடு காணாமற் போகிறது. பழி ஒரு பௌத்தத் துறவியின் மீது விழுகிறது. வழக்கு மன்றம் ஏறும் என்றவுடன் காபாலிகனின் துணைவி தேவசோமை அஞ்சுகிறாள். விகாரைகளின் செல்வமுடையவன் மன்றத்தார் வாயை நிரப்பிவிடுவான். தாங்களோ ஏழைகள் என்பது அவள் கவலை. ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது பின்னர் தெரிகிறது. அவள் ஐயம் பிழையானது. அவள் அச்சம் பிழையானதன்று.

ஒரு வழக்கறிஞர் தம் தொழில் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது நாம் தேடுவது இந்தத் தேவசோமையைத்தான். அவள் அந்நூலில் பேசுகிறாளா, அல்லது வக்கீலின் வெற்றிக்குச் சான்றாக வந்து நிற்கிறாளா?

நெடுங்காலம் வழக்கறிஞராயிருந்து, 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாய் விளங்கிய கே. சந்துருவின் நூல்கள் இரண்டை இக்கேள்வியோடு அணுகலாம். ஒன்று, தமிழில் வந்த தன்வரலாறான 'நானும் நீதிபதி ஆனேன்'. மற்றொன்று, 2021இல் ஆங்கிலத்தில் வந்த 'லிஸன் டு மை கேஸ்'. தமிழக நீதிமன்றங்களை நாடிய பெண்களின் கதைகள் அதில் உள்ளன.

தலைப்புகளையே நோக்குவோம். 'நானும்' என்பதிலுள்ள உம்மை, "என்னைப் போன்றவன்கூடவா" என்னும் வியப்பை உணர்த்துகிறது. பதவியைப் பிறப்புரிமையாகக் கருதுவோர் தலைப்பில் இவ்வும்மை வாராது. எனினும் அங்கே 'நான்' எழுதியவரே. 'என் வழக்கைக் கேளுங்கள்' எனப் பொருள்படும் மற்றத் தலைப்பிலோ, 'என்' என்னும் சொல் வழக்காடிய பெண்ணுக்கு உரியதாகிவிடுகிறது. வழக்கறிஞர் தம் தன்மையிடத்தைக் கட்சிக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறார். இவ்விரண்டாவதையே நாம் உயர்ந்ததெனக் கருதுகிறோம். கட்சிக்காரர் சொன்ன கதை வக்கீலிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை உரியவர் பெயரிலேயே திருப்பித் தருவதுதான் முறை.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தாரால் பிடிக்கப்பட்ட ராஜாக்கண்ணு காவலில் மாண்டார். அவ்வாண்டின் பிற்பகுதி வரை கம்மாபுரமும் தளவானூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவர் மனைவி பார்வதிக்காக ஆட்கொணர்வு மனுவில் வாதாடியவர் சந்துரு. 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கை நாடறியச் செய்தது. ஆனால் படத்தில் குறவர் குடும்பம் இருளர் குடும்பமாயிற்று. பார்வதி செங்கேணி ஆனார். வழக்கறிஞரின் பெயரோ மாறவில்லை. நாம் சுட்டும் ஆபத்து இதுவே. வழக்குரைத்தவர் நினைவில் நிலைக்க, வழக்குடையவர் மறைந்துபோகிறார்.

சந்துரு நீதிபதியாக 96,000 வழக்குகளை முடித்தார் என்பதைப் பலரும் வியந்து கூறுவர். வியப்பு தகும். ஆயினும் ராஜாக்கண்ணு வழக்கில் காவலர்களின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2006இல்தான். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை எந்த எண்ணிக்கை அளக்கும்? அவற்றை அளக்க ஒரு பெண்ணின் காத்திருப்பைத்தான் எழுதவேண்டும்.

நம் இல்லங்களிலும் பாகப்பிரிவினையும் வக்ஃபு நிலமும் பற்றிய வழக்குக் கட்டுகள் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றுள் தோற்றவையும் உண்டு. வென்ற வழக்கை எழுத வக்கீல் இருக்கிறார். தோற்றவரின் கதையை எழுத யாருமில்லை. தமிழில் நினைவு நூல் எழுத முனையும் வழக்கறிஞர்களை நாம் வேண்டுவது ஒன்றே: தாம் தோற்ற வழக்குகளில் ஒன்றையேனும், தோற்ற கட்சிக்காரரின் வாய்மொழியாக எழுதுங்கள். தேவசோமையின் அச்சத்திற்கு மன்றம் விடையளிக்கத் தவறிய இடங்களில், இலக்கியமாவது அவள் சொல்வதைச் செவிமடுக்கட்டும்.