பிழையின் தர்க்கமும் வகுப்பறையின் அரசியலும்

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவருக்கு எழுத்தும் பேச்சும் பயிற்றுவது பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ஒரு முறைப்பாட்டுடனேயே தொடங்குகின்றன: இக்கால மாணவருக்கு எழுதத் தெரியாது என்பதே அது. இம்முறைப்பாட்டினை ஆராய்ச்சிக்குரிய வினாவாக மாற்றிய நூல்களுள் மைனா ஷோனெசியின் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' (1977) முதன்மையானது. ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைப் பற்றியதெனினும், அந்நூல் எழுப்பும் பிரச்சினை ஒரு மொழிக்கு மாத்திரம் உரியதன்று. அதன் சாதனையையும் எல்லையையும் மதிப்பிடுவதே இங்கு எமது நோக்கமாகும்.

நூலை அது தோன்றிய வரலாற்றுச் சூழலிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. நியூயோர்க் நகரக் கல்லூரி 1847 இல் நிறுவப்பட்ட காலந்தொட்டுக் கட்டணமின்றி உயர்கல்வி வழங்கி வந்தது. ஆயினும் ஹார்லெம் பகுதியில் அமைந்த அக்கல்லூரியில், அப்பகுதியின் கறுப்பின மக்களும் புவர்ட்டோ ரிக்கரும் சிறு தொகையினராகவே கற்றனர். 1969 ஏப்ரலில் இவ்வினங்களைச் சேர்ந்த மாணவர் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். அதன் விளைவாக, நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடமளிக்கும் கொள்கை 1970 இல் நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் முன்னர் காணாத தொகையில் வகுப்பறைகளுக்குள் நுழைந்தனர். பல்கலைக்கழகத் தரம் வீழ்ந்துவிட்டது என்ற கூக்குரலும் உடன் எழுந்தது.

இக்கூக்குரலுக்கான மறுமொழியாகவே ஷோனெசியின் ஆய்வு அமைந்தது. 1970 முதல் 1974 வரை புதுமுக மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை அவர் பரிசீலித்தார். பிழைகள் தற்செயலானவையோ அறிவுக்குறைவின் அடையாளங்களோ அல்ல என்பதும், அவற்றுக்கு ஓர் உள்ளார்ந்த ஒழுங்கு உண்டு என்பதும் அவர் கண்ட முடிவாகும். தொடக்க நிலையில் நிற்கும் எவரும் பிழைவிட்டே கற்பர். பிழைக்கு அஞ்சுபவரோ எழுதுவதையே குறைத்துக்கொள்வர்.

இவ்வுண்மை தமிழ்க் கட்டுரைகளுக்கும் பொருந்துவதே. 'புத்தகங்கள் இருக்கின்றது' என எழுதும் மாணவர் இலக்கணமற்ற மொழியை எழுதவில்லை. அஃறிணையில் ஒருமை, பன்மை வினைகளை வேறுபடுத்தாத பேச்சுமொழி இலக்கணத்தையே எழுத்துக்குள் கொண்டுவருகிறார். 'ஒளிவு மறைவு' என்பதை 'ஒழிவு மறைவு' என எழுதுபவர், ழகரமும் ளகரமும் தம் பேச்சில் ஒன்றாகிவிட்டதை உணர்ந்து, திருத்தமாக எழுத முயன்றே தவறுகிறார். முதலாமவரின் பிழையில் ஒரு விதியும், இரண்டாமவரின் பிழையில் ஒரு முயற்சியும் உள்ளன. சிவப்பு மையினால் மட்டும் திருத்தும் ஆசிரியருக்கு இவ்விரண்டும் புலப்படமாட்டா.

எனினும் ஷோனெசியின் நோக்கில் ஒரு குறைபாடும் உண்டு. எழுத்துமொழியை அவர் பெரிதும் சார்பற்ற கருவியாகவே கொள்கிறார். ஒரு மொழிவழக்கைக் கைக்கொள்ளும்போது அதனோடிணைந்த உலகநோக்கும் உடன் வருகின்றது என்பதனையும், இரு உலகங்களுக்கிடையே மாணவர் அனுபவிக்கும் முரண்பாட்டினையும் அவர் போதியளவு கருத்திற்கொள்ளவில்லை என 1991 இல் மின்-ஜான் லூ விமர்சித்தார். இவ்விமர்சனம் ஏற்புடையதே. ஆயின் இதிலிருந்து, பொது எழுத்துவழக்கைக் கற்பித்தலே ஒடுக்குமுறை என்ற முடிவுக்கு வருவது தவறாகும். வசதி படைத்தோரின் பிள்ளைகள் அவ்வழக்கை வீட்டிலேயே பெற்றுக்கொள்வர். கல்லூரி கைவிட்டால் அதனை இழப்போர் ஏனையோரே. தன்னியல்பான வளர்ச்சி என்ற பெயரில் கடும் பயிற்சியைக் கைவிடுவதைக் கிராம்சி எதிர்த்தமையும் இக்காரணம் பற்றியேயாகும்.

கற்பித்தல் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்பதே வினா. ஷோனெசியின் நூலில் பேச்சு, எழுத்துக்குத் துணையாகவும் பிழையின் தோற்றுவாயாகவுமே பெரிதும் இடம்பெறுகின்றது. எமது கருத்தில், முதலாம் ஆண்டுக் கருத்தரங்க வகுப்பின் அடிப்படை வாய்மொழி விவாதமாக இருத்தல் வேண்டும். தம் வீட்டுமொழியில் ஒரு கருத்தை முன்வைத்து, சக மாணவரின் மறுப்புக்கு முகங்கொடுக்கும் மாணவருக்கு 'ஆயினும்', 'எனவே', 'அவ்வாறாயின்' என்பன தேவையின் நிமித்தம் பொருளுடையனவாகின்றன. அதன் பின்னர் எழுதும் கட்டுரைக்குச் சொல்வதற்கென ஒன்றும், கேட்பதற்கென ஒருவரும் இருப்பர்.

இவ்விடத்தில் ஈழத்து இலக்கிய வரலாறு ஒன்றை நினைவூட்டுகின்றது. 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், பேச்சுவழக்கை இலக்கியத்தில் எடுத்தாண்ட முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகள் 'இழிசனர் இலக்கியம்' எனப் பழிக்கப்பட்டன. அப்பழிப்பைப் பொருட்படுத்தாது, ஒடுக்கப்பட்டோரின் மொழி புனைகதையில் தன் இடத்தை நிலைநாட்டிக்கொண்டது. டானியலின் பாத்திரங்கள் பேசும் மொழியை ஆய்வுக்குரியதாக ஏற்கும் நாம், அதே மொழியில் ஒரு மாணவர் வகுப்பில் கருத்துரைத்தால் முதலில் உச்சரிப்பைத் திருத்த முற்படுவோமாயின், அவ்வெற்றி வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிட்டது என்பதே பொருள்.

இறுதியாக, பிழையைப் பொறுமையுடன் வாசித்தல் ஆசிரியரின் நற்குணத்தை மாத்திரம் சார்ந்ததன்று. அதற்குச் சிறிய வகுப்பும், போதிய ஆசிரியரும், நேரமும் வேண்டும். 1975 இல் நியூயோர்க் நகரம் நிதி நெருக்கடிக்குள்ளாயிற்று. 1976 இல் பல்கலைக்கழகம் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. 1999 இல், நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நீக்கும் முடிவு உறுதிசெய்யப்பட்டது. கதவு திறந்ததும் மூடியதும் மாணவரின் வாக்கியங்களினாலன்று.

1945 இன் இலவசக் கல்வியும், 1960 இல் கலைப்பீடத்தில் தொடங்கிய தாய்மொழிப் போதனையும் எமது பல்கலைக்கழகங்களுக்குப் புதிய வர்க்கங்களின் குரலைக் கொண்டுவந்தன. நுழைவுரிமை வழங்கிய பின் பேச்சுரிமையை மறுத்தல், முதலாவதைப் பயனற்றதாக்கும். எனவே 'தரம்' பற்றி முறையிடுவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரையை அவரோடு அமர்ந்து வாசிக்க, எத்தனை ஆசிரியரை, எத்தனை மணித்தியாலங்களுக்கு, அவர்கள் தருவதற்கு ஆயத்தமாயுள்ளனர்?